பெயர் எழுதாத வீணையும் எண் பொறித்த கிட்டாரும்

(மண்ணச்சநல்லூரில் இசை ஆர்வலர்கள் கூடிய மாலையொன்றில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பெயருக்கு என்ன விலை என்று பேசுவதற்கு மண்ணச்சநல்லூரைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. சென்னையிலோ மதுரையிலோ ஒரு மளிகைக் கடையில் சாக்கின் மேல் 'மண்ணச்சநல்லூர் பொன்னி' என்று அச்சிட்டிருந்தால், வாங்க வந்தவர் ஒரு பிடி அள்ளிப் பார்ப்பதற்கு முன்பே பாதி முடிவெடுத்துவிடுகிறார். சாக்குக்குள் இருப்பது உண்மையிலேயே இந்த ஊர் ஆலையில் அரைத்ததுதானா என்ற சந்தேகம் அவருக்கு வராது. வந்தால் இவ்வூர்க்காரர்களுக்குத்தான் வரும்.

கிட்டார் உலகத்திலும் அப்படி ஒரு சாக்கு உண்டு. அதன் மேல் 'மேட் இன் ஜப்பான்' என்று அச்சிட்டிருக்கும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அந்த எழுத்தைக் கண்டால் அமெரிக்கக் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். இன்று அதே எழுத்தைத் தேடி டோக்கியோவின் ஒச்சனோமிசு கிட்டார்க் கடைத் தெருவுக்கு உலகெங்கிலுமிருந்து ஆள் வருகிறது. போலி என்று பேர் வாங்கிய சரக்கு, சேகரிப்பாளர்கள் பெட்டியில் பூட்டி வைக்கும் பொருளானது எப்படி? அதே வேளையில், இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் தஞ்சாவூரில், கையால் குடைந்து கையால் இழைத்துச் செய்யும் வீணைக்கு அந்த மரியாதை ஏன் கிட்டவில்லை? இந்த இரண்டு கேள்விகளும்தான் இன்றைய பேச்சு.

முதல் கேள்விக்கு மலைநாட்டு ஊர் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். ஜப்பானின் நாகானோ மாவட்டத்தில் மாட்சுமோட்டோ என்ற ஊர். சுற்றிலும் மலை, மரவேலைக்குப் பேர் போன வட்டாரம். அங்கே 1951-இல் தொடங்கிய மாட்சுமோகு என்ற மரவேலை நிறுவனம் முதலில் செய்தது கிட்டார் அல்ல. சிங்கர் தையல் எந்திரத்துக்கான மரப்பெட்டி. நம் வீட்டுப் பாட்டிமார் மிதித்த அதே சிங்கர்தான். மூலை பொருந்த வேண்டும், மூடி நெளியக் கூடாது, மெருகு கண்ணாடியாக இருக்க வேண்டும் என்ற தையல் எந்திரக் கணக்கில் பழகிய கைகள் பிறகு கிட்டாருக்குத் திரும்பின. 'ஏரியா' என்ற பெயரிலும் 'வெஸ்டோன்' என்ற பெயரிலும் வந்த கிட்டார்கள் அங்கே செய்யப்பட்டவை. அமெரிக்காவின் பழம்பெரும் 'எபிஃபோன்' கூட 1970-களில் அங்கேதான் உருவானது.

அதே மாட்சுமோட்டோவில் 1960-இல் ஃபுஜிகென் தொடங்கியது. ஜப்பானியக் கிட்டார் என்று பேச்செடுத்தால் கடைசியில் வந்து நிற்கும் இடம் இந்தத் தொழிற்சாலைதான். ஆனால் இதன் பெயர் கிட்டாரின் தலையில் அநேகமாக இருக்காது. செய்தது இவர்கள், பெயர் இன்னொருவருடையது. தலையில் 'இபனேஸ்' என்றிருக்கும், 'கிரெகோ' என்றிருக்கும், பின்னாளில் 'ஃபென்டர்' என்றும் இருக்கும்.

இபனேஸ் என்ற பெயரே ஒரு கதை. நகோயா நகரத்தில் ஹோஷினோ என்றொரு புத்தகக் கடை. 1908-இல் அதில் இசைக்கருவி விற்பனைப் பிரிவு ஒன்றைத் திறந்தார்கள். ஸ்பெயினின் வலென்சியாவில் சால்வடோர் இபானியெஸ் என்ற கைவினைஞர் செய்த கிட்டார்களை அந்தக் கடை இறக்குமதி செய்தது. பிறகு அந்தப் பெயரையே எடுத்துத் தங்கள் சரக்குக்குச் சூட்டிக்கொண்டது. ஸ்பானியர் பெயர், ஜப்பானியர் உழைப்பு, அமெரிக்கர் வடிவம். எதை மூலம் என்பது, எதை நகல் என்பது?

தொடக்க காலச் சரக்கைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடலாம். 1965-இல் 'வென்ச்சர்ஸ்' என்ற அமெரிக்கக் குழு ஜப்பானைச் சுற்றி வந்தபோது நாடே மின்கிட்டார்ப் பித்துப் பிடித்து அலைந்தது. தெருவுக்கொரு பட்டறை முளைத்தது. தேவை ஏறியதும் தரம் இறங்கியது. பலகை ஒட்டிய உடல், விரல்பலகையின் குறுக்கே பதித்து, கையில் உறுத்தும் ஃப்ரெட் கம்பிகள், ஐந்து நிமிடத்துக்கொரு முறை சுருதி விலகும் சாவிகள். மோகம் வடிந்ததும் பட்டறைகள் பல மூடின. டெய்ஸ்கோ என்ற பெரிய நிறுவனத்தையே 1967-இல் கவாய் என்ற இன்னொரு நிறுவனம் வாங்கிக்கொண்டது. இப்போதும் அந்தக் காலத்துக் கிட்டார்களை ஆசையாக வாங்குகிறவர்கள் உண்டு. விசித்திர வடிவத்துக்கும் வரிசையாக நிற்கும் சுவிட்சுகளுக்கும்தான் வாங்குகிறார்கள். வாசிக்க வாங்கினால் விரல்தான் அழும்.

கதை திரும்பியது அமெரிக்காவில். 1965-இல் சி.பி.எஸ். என்ற ஒலிபரப்பு நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு ஃபென்டர் கிட்டார் நிறுவனத்தை வாங்கியது. 1969-இல் இன்னொரு அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான கிப்சனின் தாய் நிறுவனமும் கைமாறி, பின்னர் நார்லின் என்ற பெயருக்குள் போனது. கிட்டார் தெரிந்தவர்களின் கையிலிருந்து கணக்கர்களின் கைக்குப் போனால் என்ன நடக்குமோ அது நடந்தது. 1970-களில் வந்த அமெரிக்கக் கிட்டார்கள் கனத்தன, மெருகு தடித்தது, கழுத்துப் பொருத்தில் இடைவெளி விழுந்தது. எல்லாமே மோசம் என்று சொல்லக் கூடாது. ஆனால் 1950-களின் கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் புதியதை வாங்கத் தயங்கினார்கள்.

அந்தத் தயக்கத்துக்குள் ஜப்பான் நுழைந்தது.

1970-களின் தொடக்கத்தில் வந்த நகல்கள் வெளித்தோற்றத்தில் மட்டும் மூலம். கிப்சனின் லெஸ் பால் கிட்டாரில் கழுத்தை உடலோடு பசை போட்டுப் பொருத்துவார்கள். நகலிலோ நான்கு திருகாணி போட்டு முடுக்கியிருந்தது. ஆனால் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நிலைமை தலைகீழ். ஹமாமாட்சு நகரத்து டோகாய் 1978-இல் 1950-களின் லெஸ் பாலை அணு அணுவாகப் பார்த்து ஒரு கிட்டாரைக் கொண்டுவந்தது. காண்டா ஷோகாய் என்ற வணிக நிறுவனம் ஃபுஜிகென்னிடம் செய்வித்த கிரெகோ 'சூப்பர் ரியல்' வரிசை அடுத்து வந்தது. கிப்சனே கைவிட்டிருந்த ஆழமான கழுத்துப் பொருத்தை அதன் உயர்ந்த மாடல்களில் மீண்டும் கொண்டுவந்தார்கள்.

அப்படியொரு கிட்டாரைக் கையில் வாங்கினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் விரல்பலகையின் ஓரம். அங்கே வெள்ளைப் பட்டை ஒன்று ஓடும். ஒவ்வொரு ஃப்ரெட்டும் முடியும் இடத்தில், அந்தப் பட்டையை ஓர் அரிசி முனை அளவுக்கு மேடாக விட்டு, உலோக நுனியை மூடியிருப்பார்கள். விரலை மேலும் கீழும் ஓட்டினால் எங்கும் கம்பி குத்தாது. இருபத்திரண்டு ஃப்ரெட்டுக்கு இரு பக்கமும் நாற்பத்து நான்கு மேடு. ஒவ்வொன்றையும் அரத்தால் சீவி எடுக்க வேண்டும். மேடையில் நிற்பவரைப் பார்க்கும் யார் கண்ணுக்கும் அது தெரியாது. நகல் செய்கிறவன் அந்த இடத்தில் மெனக்கெடுகிறான் என்றால் அவன் நகலைத் தாண்டிவிட்டான் என்றே பொருள்.

அந்த விரல்பலகையின் மரத்தைப் பற்றி ஒரு சொல். பிரேசில் நாட்டு ஈட்டி அரிதான பிறகு உலகக் கிட்டார்த் தொழில் பெரிதும் சாய்ந்தது இந்திய ஈட்டியின் மேல். நம் மேற்கு மலைத் தொடரின் தோதகத்தி. தமிழ்நாட்டில் அதை வெட்டக் கட்டுப்பாடு விதித்துத் தனிச் சட்டமே 1994-இல் வந்தது. ஜப்பானியரின் புகழ்பெற்ற பல கிட்டார்களில் விரல் ஓடும் பலகை இந்திய மரம்.

இனி, வழக்கு. 1977 ஜூன் 28 அன்று ஃபிலடெல்ஃபியா நீதிமன்றத்தில் நார்லின் நிறுவனம் ஒரு வழக்குத் தொடுத்தது. எதிராளி, இபனேஸை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் நிறுவனம். கிட்டாரின் ஒலியோ உடலின் வடிவமோ வழக்கில் இல்லை. தலைப் பகுதி, திறந்து கவிழ்த்த புத்தகம்போல வளைந்திருக்கும் அந்த ஒரே ஒரு கோடு, அதுதான் தங்களுக்கு உரியது என்றார்கள். வேடிக்கை என்னவென்றால் வழக்கு வருவதற்கு முந்தைய ஆண்டே இபனேஸ் அந்தத் தலையை மாற்றத் தொடங்கிவிட்டது. 1978-இல் இருவரும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். தீர்ப்பு என்று எதுவும் வரவில்லை.

ஆனால் சந்தைக்கு ஒரு சொல் கிடைத்தது. 'வழக்குக் கிட்டார்!' நீதிமன்றத்துக்கே போய்விட்டதாம், அப்படியானால் மூலத்துக்குச் சமமாகத்தானே இருந்திருக்கும் என்ற நியாயம். வழக்கில் சிக்கியது இபனேஸின் குறிப்பிட்ட சில ஆண்டுச் சரக்கு மட்டுமே. இன்றைக்கோ 1970-களில் ஜப்பானிலிருந்து வந்த எந்த நகலைக் காட்டினாலும், டோகாயோ கிரெகோவோ பெயர் தெரியாத பட்டறையோ, விற்கிறவர் 'வழக்குக் கிட்டார்' என்பார். அந்தச் சொல்லைக் கேட்டால் விலையைக் குறைத்துக் கேட்பதுதான் விவேகம்.

வழக்கு இபனேஸுக்கு நன்மையே செய்தது. நகலை விட்டுத் தன் வடிவங்களுக்குப் போனார்கள். கிட்டார்க் கலைஞர்களில் 1977-இல் ஜார்ஜ் பென்சனுக்காக ஒரு ஜாஸ் கிட்டார், 1987-இல் ஸ்டீவ் வாய்க்காக 'ஜெம்'. யமஹாவின் கதையும் ஏறத்தாழ இதே பாதை. யமஹா கொடுத்த கிட்டாரை வாசித்துப் பார்த்த கலைஞர் கார்லோஸ் சந்தானா, நாதம் நீண்டு நிற்கவில்லை என்று குறை சொன்னார். யமஹாக்காரர்கள் முகம் சுளிக்கவில்லை. கழுத்து மரத்தை உடலின் கடைசி வரை ஒரே நீளமாக ஓட விட்டார்கள். கம்பிகள் ஊன்றும் பிரிட்ஜுக்கு அடியில் பித்தளைத் தகடு ஒன்றைப் பதித்தார்கள். அப்படி 1976-இல் வந்ததுதான் எஸ்.ஜி. 2000. அது எவருடைய நகலும் அல்ல. தோளில் மாட்டினால் கனம் தெரியும். ஒரு சுரத்தை மீட்டி விட்டால் அது அடங்குவதற்குப் பொறுமையும் வேண்டும்.

ஃபென்டர் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. அதைக் காப்பாற்ற 1981-இல் சி.பி.எஸ். அழைத்து வந்த வில்லியம் ஷுல்ட்ஸ், யமஹாவின் அமெரிக்கப் பிரிவில் வேலை பார்த்தவர். நகல் செய்கிறவர்களை வழக்குப் போட்டு விரட்டுவதைவிட அவர்களையே கூட்டாளி ஆக்கிக்கொள்வது மேல் என்று முடிவானது. 1982-இல் காண்டா ஷோகாய், யமானோ காக்கி ஆகிய இரு ஜப்பானிய வணிக நிறுவனங்களோடு சேர்ந்து 'ஃபென்டர் ஜப்பான்' பிறந்தது. செய்யும் பொறுப்பு ஃபுஜிகென்னுக்கு. ஃபென்டரை நகல் செய்துகொண்டிருந்த கிரெகோ மாடல்களைக் காண்டா நிறுத்திக்கொண்டது.

முதல் மாதிரிகளைப் பார்த்த அமெரிக்கர்கள் கண்ணீர் விடாத குறை என்பார்கள். தங்கள் தொழிற்சாலையில் அப்போது செய்ய முடியாததை ஜப்பானியர் செய்து அனுப்பியிருந்தார்கள். 1985-இல் ஷுல்ட்ஸும் ஊழியர்களும் சேர்ந்து ஃபென்டரை 1.25 கோடி டாலருக்கு வாங்கியபோது அதன் ஃபுல்லர்ட்டன் தொழிற்சாலை அந்த விலைக்குள் அடங்கவில்லை. பெயர் கிடைத்தது, கட்டடம் கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாவில் புதிய ஆலை ஓடத் தொடங்கும் வரை ஃபென்டர் என்று உலகம் வாங்கியதில் பெரும்பகுதி மாட்சுமோட்டோவில் செய்தது. நகல் செய்தவர்கள் தயவில் மூலம் பிழைத்தது.

1982 முதல் 1984 வரை வந்த அந்தக் கிட்டார்களில் எண்ணுக்கு முன் 'ஜே.வி.' என்ற இரண்டு எழுத்து இருக்கும். ஐரோப்பாவுக்கு அனுப்பிய முதல் தொகுதியில் 'ஃபென்டர்' பெரிதாகவும் 'ஸ்கொயர்' சிறிதாகவும் எழுதியிருந்தது. சில மாதங்களில் அளவுகளை இடம் மாற்றினார்கள். ஸ்கொயர் என்பது ஃபென்டர் 1965-இல் வாங்கிப்போட்டிருந்த இசைக்கருவிகளுக்குத் தந்தி செய்த ஒரு பழைய நிறுவனத்தின் பெயர். மலிவுச் சரக்குக்கு ஒட்டுவதற்காகத் தூசு தட்டி எடுத்தார்கள். இன்று ஜே.வி. எழுத்துள்ள அந்த 'மலிவுச் சரக்கு', அதே ஆண்டுகளின் அமெரிக்க ஃபென்டர் பலவற்றைவிட ஆவலாகத் தேடப்படுகிறது.

பொற்காலத்தை முடித்து வைத்தது தச்சர்களின் சோம்பல் அல்ல. நாணய மாற்று விகிதம். 1985 செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாசா ஓட்டலில் ஐந்து நாடுகளின் நிதியமைச்சர்கள் கூடி டாலரின் மதிப்பை இறக்க ஒப்புக்கொண்டார்கள். அப்போது டாலருக்குச் சுமார் 240 யென். இரண்டே ஆண்டில் அது 150-க்கும் கீழே வந்துவிட்டது. அதே கிட்டாரை அதே கூலியில் செய்து அதே கப்பலில் ஏற்றினாலும் அமெரிக்கக் கடையில் விலை எங்கோ போய்விடும். மலிவு வரிசைகள் கொரியாவுக்குப் போயின. தையல் எந்திரப் பெட்டியில் தொடங்கிய மாட்சுமோகு 1987-இல் மூடப்பட்டது. ஜப்பானில் தங்கியது உயர்ந்த விலைச் சரக்கு மட்டும். ஒரு பொருள் சேகரிப்புக்கு உரியதாக ஆக வேண்டுமென்றால் அது நின்றுபோக வேண்டும். அந்த உதவியை யென் செய்தது.

நின்றுபோனால் மட்டும் போதுமா? போதாது. இங்கேதான் இந்தப் பேச்சின் மையம் இருக்கிறது.

1975-க்குப் பிறகு ஃபுஜிகென் செய்த இபனேஸ் கிட்டாரின் தலைக்குப் பின்னால் ஓர் எழுத்தும் சில எண்களும் இருக்கும். எழுத்து மாதம், 'ஏ' என்றால் ஜனவரி, 'எல்' என்றால் டிசம்பர். அடுத்த இரண்டு எண் ஆண்டு. 'ஹெச் 78' என்று தொடங்கினால் 1978 ஆகஸ்டில் செய்தது. படிக்கப் பள்ளிக்கூட அறிவு போதும். கிரெகோவின் மாடல் பெயர் இன்னும் வெளிப்படை. இ.ஜி. 500 என்றால் அன்றைய விலை 50,000 யென், இ.ஜி. 1000 என்றால் ஒரு லட்சம். டோகாயின் எல்.எஸ். 50, எல்.எஸ். 100 ஆகியவையும் இதே வழி, ஆயிரம் யென் கணக்கில். ஒவ்வோர் ஆண்டும் விலைப்பட்டியல் அச்சிட்டார்கள்; எந்த மாடலுக்கு எந்த மரம், தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் எது என்று அதில் எழுதினார்கள். நாற்பது ஆண்டு கழித்து ஒரு கிட்டார் பரணிலிருந்து இறங்கினால் அது யார், எப்போது, என்ன விலைக்குச் செய்தது என்று அந்தக் கிட்டாரே சொல்லிவிடும்.

தரத்தைக் கை உண்டாக்கியது. சேகரிப்பு மதிப்பை உண்டாக்கியது குமாஸ்தாவின் பேனா.

ஆகவே 'ஜப்பான்' என்ற சொல் மட்டுமே தரச்சான்று ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே தொழிற்சாலை ஒரே மாதத்தில் 50,000 யென்னுக்கும் ஒன்றரை லட்சம் யென்னுக்கும் செய்தது. இரண்டிலும் போட்ட மரம் ஒன்றாக இருக்க நியாயமில்லை. ஃபென்டர் ஜப்பான் கிட்டார்களில் சுமார் 1997-க்குப் பிறகு 'கிராஃப்டட் இன் ஜப்பான்' என்று வாசகம் மாறியது. செய்யும் தொழிற்சாலையும் மாறியிருந்தது. பின்னது மட்டம் என்று சிலர் தலையாட்டுவார்கள். அது வெறும் வதந்தி மதிப்பு. வாசித்துப் பார்த்தால் கைக்கே தெரியும்.

திருச்சி வட்டாரத்துக்கு வருவோம். இங்கே மின்கிட்டார் என்றால் இரண்டு இடங்கள்: தேவாலயப் பாடகர் குழு, சமயபுரம் போன்ற ஊர்த் திருவிழாக்களின் மெல்லிசை மேடை. பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்று, கிட்டார்க் கலைஞராக வேலை பார்த்து, பிறகு இசையமைப்பாளர் ஆனவர் என்பது எல்லாருக்கும் தெரியும். 1976-இல் 'அன்னக்கிளி'யோடு அவர் வந்த பிறகு தமிழ்நாட்டு வீடுகளின் காதுக்குக் கிட்டார் அந்நியமில்லை. கைக்குத்தான் அந்நியம். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளரும் வரை வெளிநாட்டுக் கருவி என்பது சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ உறவுக்காரர் கையோடு வந்தால்தான் உண்டு. மற்றவர்களுக்குக் கல்கத்தாச் சரக்கு. கிப்சனை நினைவூட்டும் 'கிவ்சன்' என்ற பெயரில் விரல் பழகியவர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். இப்போது யமஹாவே சென்னைக்கு அருகே ஆலை வைத்து 2019 முதல் அக்கூஸ்டிக் கிட்டாரும் கீபோர்டும் செய்கிறது. ஜப்பானியப் பெயர், தமிழ்நாட்டுக் கை. நாற்பது ஆண்டு கழித்து அவற்றை யாராவது தேடி வாங்குவார்களா என்பது பேரப்பிள்ளைகள் சொல்ல வேண்டிய விடை.

பழைய ஜப்பானியக் கிட்டார் கைக்கு வரும் இளைஞர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். கழுத்தைக் கண்ணுக்கு நேராக நீட்டி, தலையிலிருந்து உடல் வரை ஒரு பார்வை ஓட விட வேண்டும். லேசான உள்வளைவு இருக்கலாம். முறுக்கு இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டு திரும்புகிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. நம் ஊர் வெயிலில் ஓட்டுக்கூரைப் பரணில் பத்து வருடம் கிடந்த மரம் என்ன ஆகியிருக்கும் என்று தச்சரிடம் கேட்டால் சொல்வார். திருகாணிக் கழுத்தாக இருந்தால் நான்கு திருகாணியையும் கழற்றி, கழுத்தின் அடிப்பாகத்தில் முத்திரையோ பென்சில் எழுத்தோ இருக்கிறதா என்று பார்க்கலாம். பிக்கப் மாற்றியிருந்தால் வாசிக்க நல்லது, சேகரிக்கக் கெட்டது. கிட்டாரோடு ஜப்பானிய ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்து வந்தால் உடனே சுவரில் செருகிவிட வேண்டாம். அந்நாட்டு மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. இடையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இல்லையென்றால் முதல் சுரத்துக்குப் பதில் புகைதான் வரும்.

இப்போது தஞ்சாவூர்.

மின்கிட்டாரின் உடல் பெரும்பாலும் தட்டைப் பலகை. நாதத்தின் பாதி வேலையை மின்சாரம் செய்துவிடுகிறது. வீணைக்கு அந்தச் சலுகை இல்லை. பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரம். அதைக் குடைந்து குடம் எடுக்க வேண்டும். குடத்தின் சுவர் சற்றுத் தடித்தால் நாதம் உள்ளேயே தங்கிவிடும், மெலிந்தால் சிதறும். குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் ஒரே மரத்தில் எடுத்தால் ஏகாந்த வீணை. தனித்தனியே செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. இருபத்து நான்கு மெட்டு, ஏழு தந்தி என்ற இன்றைய அமைப்பு பதினேழாம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் காலத்தில் நிலைபெற்றதாகச் சொல்வது மரபு.

மேளக்கட்டு என்பதை நேரில் பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் அருமை தெரியும். கருமெழுகை இளக்கித் தண்டியின் இரு பக்கமும் வரம்பு கட்டுவார்கள். ஒவ்வொரு மெட்டையும் மெழுகின் மேல் வைத்து, தந்தியை மீட்டி, காதால் கேட்டு, மயிரிழை நகர்த்தி, மறுபடி மீட்டுவார்கள். கிட்டார்த் தொழிற்சாலையில் ஃப்ரெட் உட்காரும் இடத்தை ரம்பம் கணக்குப்படி அறுத்துவிடும். வீணையில் அந்தக் கணக்கு ஆசாரியின் காதில் இருக்கிறது. மெழுகு காலப்போக்கில் இளகினால் மீண்டும் மேளம் கட்ட வேண்டும்; நல்ல மேளக்கட்டுக்காகக் கலைஞர்கள் ஊர் விட்டு ஊர் வருவார்கள்.

இத்தனைக்கும் பிறகு, எழுபது வயதான ஒரு வீணை விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். யார் செய்தது? பெரும்பாலும் தெரியாது. எந்த ஆண்டு? வீட்டுப் பெரியவர்கள் "அம்மா கல்யாணத்துக்கு வாங்கினது" என்பார்கள். ஒரே மரமா, ஒட்டா? தட்டிப் பார்த்துச் சொல்லும் ஆசாரி கிடைத்தால் உண்டு. பழைய வீணைக்கு விலை வருவதே அதை வாசித்தவரின் பெயரால்தான். வீணை தனம்மாளின் வீணை, எஸ். பாலசந்தரின் வீணை என்று சொன்னால் சபையே எழுந்து நிற்கும். அந்த வீணைகளைச் செய்தவர் யாரென்று எத்தனை ரசிகர்களால் சொல்ல முடியும்?

2013-இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்திய இசைக்கருவி ஒன்றுக்கு அப்படிக் கிடைத்தது அதுவே முதல் முறை. மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அந்தக் குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது. இந்தக் குடத்தைக் குடைந்த கை யாருடையது என்று வாங்குபவருக்குச் சொல்வதில்லை. சாக்கில் ஊர்ப் பெயர் வந்துவிட்டது, ஆலையின் பெயர் இன்னும் வரவில்லை. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் குறியீடு வந்தது. அங்கே ஒரு வேறுபாடு உண்டு. டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காகப் பாரி நாகஸ்வரத்தைச் செம்மைப்படுத்தியவர் ரங்கநாதன் ஆசாரி என்பதை நாகஸ்வர உலகம் இன்றும் சொல்கிறது. வாசித்தவர் பெயரோடு செய்தவர் பெயரும் நின்றது அபூர்வம். அந்த அபூர்வம் வழக்கமாக வேண்டும்.

பழைய வீணை வாங்குவோர் அறிய வேண்டிய சட்டச் செய்தியும் உண்டு. அக்கால வீணைகளில் தந்த வேலைப்பாடு சாதாரணம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி யானைத் தந்தப் பொருளை விற்பதும் வாங்குவதும் தடை செய்யப்பட்டவை. அப்படிப்பட்ட வீணை வீட்டில் இருந்தால் விலை பேசுவதற்கு முன் வனத்துறை விதிகளைக் கேட்டறிவது நல்லது.

ஜப்பானியரிடமிருந்து தஞ்சாவூர் கற்க வேண்டியது மரவேலையை அல்ல. அதில் நம் ஆசாரிகளுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம். கற்க வேண்டியது எழுதி வைக்கும் பழக்கத்தை. மேல்பலகையை ஒட்டி மூடுவதற்கு முன் குடத்தின் உட்சுவரில் ஐந்து வரி எழுத ஒரு பேனா போதும்: செய்தவர் பெயர், மாதமும் ஆண்டும், மரம் வந்த ஊர், ஏகாந்தமா ஒட்டா, வரிசை எண். அதையே பட்டறையில் ஒரு நோட்டில் இன்னொரு முறை எழுதி வைத்தால் பதிவேடும் ஆயிற்று. பின்னாளில் மேளம் கட்டுகிறவர் தன் பெயரையும் தேதியையும் அந்த நோட்டில் சேர்த்துக்கொள்ளலாம். இதற்கு அரசாணை வேண்டியதில்லை, சங்கம் கூட வேண்டியதில்லை.

ஆசாரிகள் தாமாக எழுதும் வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த அவையில் பெண்ணுக்கோ பேத்திக்கோ வீணை சொல்லி வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். அடுத்த முறை தஞ்சாவூர் போகும்போது, முன்பணம் கொடுக்கும் அன்றே அந்த ஐந்து வரியையும் கேளுங்கள். எழுதிக் கொடுத்தால் கூலியில் நூறு ரூபாய் சேர்த்தே கொடுங்கள்.